உறுதியாவதற்கு முன்பே

1995 ஜனவரி 11 மாலை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் ஒரு கூட்டம் நடந்தது. மறுநாள் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை. இதயத்திலிருந்து புறப்படும் இரு பெருங்குழாய்களும் இடம்மாறிப் பிறந்த குழந்தை அது. அவற்றை வெட்டி, இருக்க வேண்டிய இடத்தில் பொருத்தித் தைக்க வேண்டும். அந்த அறுவையை இந்த மருத்துவமனை செய்யலாமா என்பதுதான் அன்று பேச்சு. அறுவை நிபுணர்களும் இதயநோய் மருத்துவர்களும் மயக்க மருந்து நிபுணர்களும் உட்கார்ந்து பேசினார்கள். செய்யலாம் என்று முடிவாயிற்று. வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்தான், மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின். மறுநாள் அறுவை நடந்தது. குழந்தை மேசையிலேயே இறந்தது. முந்தைய மாலை இப்படியொரு கூட்டம் நடந்ததைப் பெற்றோரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

போல்சினின் ஐயம் அன்று மாலை தோன்றியதல்ல. 1988இல் அவர் பிரிஸ்டலுக்கு வந்தார். அதற்கு முன் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் இதே வகை அறுவைகளில் பணியாற்றிப் பழகியவர். வந்த கொஞ்ச காலத்திலேயே ஒன்று அவருக்கு உறுத்தியது. இங்கே அறுவைகள் அளவுக்கு மீறி நீண்டுகொண்டிருந்தன. இதயத்தை நிறுத்திவைத்து, ரத்தத்தை இயந்திரத்தின் வழியே ஓடவிட்டுச் செய்கிற வேலை அது. அந்த நேரம் நீள நீளச் சின்ன உடம்பு தாங்காது. அறுவை நிபுணரின் கண் வெட்டிய இடத்தில் இருக்கும். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க மருந்து நிபுணருக்குத்தான் கடிகாரம் தெரியும், மானிட்டர் தெரியும், அறைக்குள் சூழும் மௌனமும் தெரியும். இதயம் திரும்ப ஓடத் தொடங்குமா என்று காத்திருக்கும் நிமிடங்கள் அவர் கணக்கில்தான் விழுகின்றன.

1990இல் அவர் தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதற்காக மூத்த அறுவை நிபுணர் ஜேம்ஸ் விஷர்ட் தம்மைக் கடிந்துகொண்டதாகப் பின்னாளில் போல்சின் சொன்னார். கடிதத்தால் எதுவும் நகரவில்லை. பிறகு ஆண்ட்ரூ பிளாக் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து எண்களைத் திரட்டத் தொடங்கினார். எத்தனை குழந்தைகள், என்னென்ன அறுவை, எத்தனை மரணம், பிற ஊர்களில் எப்படி என்று ஒவ்வொன்றாக. இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மருத்துவர் தன் மருத்துவமனையில் ஏதோ சரியில்லை என்கிறார். அதைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரம், பணம், ஆவணங்கள் எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் சொன்னவர் தலையில் விழுகிறது. அவர் தன் ஓய்வு நேரத்தில் மரணங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணி முடிப்பதற்குள் இன்னும் சில குழந்தைகள் மேசைக்கு வந்துவிடுகிறார்கள்.

நடந்தது என்ன என்று ஊருக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று. 1998இல் மருத்துவக் கவுன்சில் விஷர்ட்டின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. ராய்லன்ஸின் பெயரையும் நீக்கியது. அவரும் படித்த மருத்துவர்தான், ஆனால் இந்தக் குழந்தைகள் எவர்மீதும் கத்தி வைத்தவர் அல்லர். எச்சரிக்கைகள் வந்தும் செயல்படவில்லை என்பதே அவர்மீதான குற்றம். 2001 ஜூலையில் இயான் கென்னடியின் விசாரணை அறிக்கை வெளியானது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்கும் குறைந்த குழந்தைகளில், வழக்கமான ஒரு மருத்துவமனையில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள். அதற்குள் போல்சின் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகருக்குப் போய் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் தனக்கு இனி இடமில்லை என்று அவர் உணர்ந்திருந்தார்.

இன்று போல்சினைப் பாராட்டுவதற்கு யாருக்கும் சிரமம் இல்லை. 500 பக்கத்துக்கும் மேற்பட்ட அறிக்கை அவர் பக்கம் நிற்கிறது. ஆனால் அவருக்குத் துணை தேவைப்பட்டது 2001இல் அல்ல, 1990இல். அப்போது அவர் சொன்னது சரியென்று யாருக்கும் தெரியாது. அவருக்கேகூட முழுக்கத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் கையில் இருந்தது ஒரு நெருடல், சில ஒப்பீடுகள், ஒரு கடிகாரம். அந்த நிலையில் ஒருவரோடு நிற்பது, நிரூபணம் ஆனபின் மாலை போடுவதிலிருந்து முற்றிலும் வேறான செயல். மருத்துவமனைகளில் குறை சொல்பவர்களை ஆதரிப்பது பற்றி எவ்வளவோ பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் பெரும்பகுதி, அவர்கள் சரியாகச் சொன்னார்கள் என்று தெரிந்த பிறகான ஆதரவைப் பற்றியது. சந்தேகம் சந்தேகமாக மட்டுமே இருக்கும் நாட்களில் என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. என் அக்கறையும் அதில்தான்.

அந்த நாட்களில் ஐயம் எவ்வளவு மெல்லிய குரலில் வரும் என்பதற்கு இன்னொரு அறையைப் பார்க்கலாம். 2005 மார்ச் 29, இங்கிலாந்தில் வேறொரு மருத்துவமனை. சைனஸ் தொல்லைக்குச் சாதாரண அறுவைக்காக ஒரு பெண் படுத்திருக்கிறார். மயக்கம் கொடுத்தபின் அவருடைய மூச்சுவழி அடைபட்டுவிட்டது. குழாயைச் செலுத்த முடியவில்லை, காற்றையும் உள்ளே அனுப்ப முடியவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சரிந்துகொண்டே போனது. அறையில் இருந்த மூன்று நிபுணர்களும் அனுபவசாலிகள். மூவரும் குழாயைச் செலுத்தும் முயற்சியிலேயே மூழ்கிப்போனார்கள். ஒரு நர்ஸ், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறப்பதற்கான கருவிகளை எடுத்துவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். அந்தச் சொல் யார் காதிலும் ஏறவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து படுக்கை ஒன்றைக் கேட்டுவைத்தார். வந்து சொன்னபோது, எதற்கு இவ்வளவு பதற்றம் என்பதுபோல மருத்துவர்கள் பார்த்த பார்வையில் திரும்பிப் போய் அந்தப் படுக்கையை ரத்து செய்துவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று தங்களுக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்று செவிலியர்கள் பின்னர் சொன்னார்கள். அந்தப் பெண் 13 நாட்களுக்குப் பின் இறந்தார்.

யாரும் யாரையும் மிரட்டவில்லை. வாயை மூடு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. இறந்த பெண்ணின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானி அறையில் துணை விமானி தலைமை விமானியைத் தடுத்துப் பேசவும், தலைமை விமானி அதைக் கேட்கவும் முறையாகப் பழக்குகிறார்கள் என்பதை அறிந்தவர். யாரைத் தண்டிக்கலாம் என்று அவர் கேட்கவில்லை, என்ன நடந்தது என்று விசாரிக்கச் சொன்னார். அந்த மருத்துவர்கள் மீண்டும் பணிக்குத் திரும்புவதையே அவர் விரும்பினார். 2007இல் அவர் தொடங்கிய அமைப்பு, மருத்துவமனைக் குழுக்கள் நெருக்கடியில் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. மனைவியை இழந்த ஒருவரால் இப்படி நிற்க முடிந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை உண்டாகிறது.

நோயாளிக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர் வரிசையில் கடைசியில் நிற்கிறார் என்பது மருத்துவமனையின் அமைப்பிலேயே இருக்கிறது. காயத்தின் வாடை மாறியதை முதலில் அறிபவர் கட்டு மாற்றும் நர்ஸ். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சின் ஓசை வேறுபடுவதை உணர்பவரும் அவரே. கேஸ் ஷீட்டில் ஏறுவதற்கு முன்பே அவர் உடம்புக்கு அது தெரிந்துவிடுகிறது. ஆனால் அதைச் சொல்ல, அவர் தன்னைவிடப் படிப்பிலும் சம்பளத்திலும் பல படிகள் மேலிருப்பவரின் தூக்கத்தையோ தன்மானத்தையோ கலைக்க வேண்டும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. நெருங்கிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அங்கே தவறைச் சொல்ல ஒருவரும் பயப்படவில்லை. மற்ற வார்டுகளில் தவறுகள் மறைந்துகிடந்தன. புகாரே வராத மருத்துவமனை என்று ஒரு நிர்வாகி பெருமையாகச் சொன்னால், அங்கே நம் வீட்டாரைச் சேர்க்கத் தயங்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையிலோ புகார் வராமல் இல்லை. ஹெலீன் டானலி என்ற நர்ஸ் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே வந்த நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடித்து அனுப்ப வேண்டும் அல்லது வார்டில் சேர்க்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. இலக்கு தவறியபோது நேரத்தை மாற்றி எழுதும் வழக்கம் உண்டாகியிருந்தது. வலியில் கிடப்பவர் இன்னும் கிடக்கிறார், தாளில் அவர் போய்விட்டார். டானலி கிட்டத்தட்ட 100 முறை எழுத்தில் முறையிட்டார். விளைவு என்னவென்றால், கூட வேலை செய்தவர்களே அவரை மிரட்டினார்கள். ஷிப்ட் முடிந்து இருட்டில் தன் கார்வரை தனியாக நடக்க அஞ்சி, வீட்டாரை வரவழைத்து அழைத்துப்போகச் சொன்னதாக, அந்த மருத்துவமனை பற்றிப் பின்னர் நடந்த விசாரணையில் அவர் சாட்சியம் சொன்னார்.

இந்தக் கார் நிறுத்துமிடம் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நூறு முறையீடுகளும் எங்கோ ஒரு அலுவலகத்துக்குப் போயின. அச்சமோ அந்த நூறு அடித் தூரத்தில் இருந்தது. சட்டம், விதி, கொள்கை எதுவும் அங்கே கூட வராது. அன்று அதே ஷிப்டில் இருந்த இன்னொரு நர்ஸ், ‘வா, நானும் வரேன்’ என்று பையை எடுத்துக்கொண்டு கூட நடந்திருந்தால் அது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும். அதைச் செய்ய டானலி சொல்வதெல்லாம் சரி என்று நம்ப வேண்டியதில்லை. பயந்துபோன ஒருத்தி தனியாகப் போகிறாள் என்று தெரிந்தாலே போதும்.

பிரிட்டனில் சட்டம் இல்லாமல் இல்லை. பொதுநலன் கருதித் தகவல் தருவோரைப் பாதுகாக்கும் சட்டம் 1998இல் வந்தது. அது உதவுவது எப்போது என்பதுதான் கேள்வி. ராஜ் மட்டு என்ற இதயநோய் மருத்துவர் கோவென்ட்ரியில் பணியாற்றினார். நான்கு படுக்கைக்கென்று கட்டிய இடத்தில் ஐந்தாவது படுக்கையைத் திணிக்கும் நடைமுறை அங்கே இருந்தது. ஐந்தாவது கட்டில் நுழைந்தால், அவசரத்தில் ஆக்சிஜன் இணைப்புக்கும் உறிஞ்சு குழாய்க்கும் கை எட்டாது. 2001இல் அவர் இதை வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டே பணியிடைநீக்கம், 2010இல் பணிநீக்கம். 2014இல் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2016இல் 12 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு. பேச்சுக்கும் தொகைக்கும் இடையே 15 ஆண்டுகள். ஒரு இதயநோய் மருத்துவரின் கை நுட்பமும் வயதும் அதற்குள் கரைந்துபோகின்றன. பேசியவர் சேதப்பட்ட பிறகு சேதத்துக்கு விலை போடுவதே சட்டத்தின் வேலையாக இருக்கிறது. இந்த 15 ஆண்டுகளில் மட்டுவை அறிந்த எந்த இளம் மருத்துவரும், ஐந்தாவது கட்டிலைப் பார்த்தால் வாய் திறப்பாரா?

ஸ்டாஃபர்ட் விசாரணையின் அறிக்கையை எழுதிய ராபர்ட் பிரான்சிஸ், குறை சொல்லும் ஊழியர்களைப் பற்றி 2015இல் தனி அறிக்கை ஒன்றைத் தந்தார். அதன்படி இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் ஒவ்வொரு நிறுவனத்திலும், ஊழியர் தங்கள் கவலையைக் கொண்டுபோய்ச் சொல்ல ஒரு காப்பாளர் நியமிக்கப்பட்டார். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் காப்பாளரும் அதே நிறுவனத்தின் சம்பளத்தில் இருப்பவர். பலருக்கு இது வேறொரு வேலைக்கு மேலே சுமத்தப்பட்ட கூடுதல் வேலை. எனக்குப் படுவது இதுதான்: காப்பாளரின் அறைக்கதவு எத்தனை முறை திறந்தது என்பதைவிட, அங்கே போய் வந்தவர் ஆறு மாதம் கழித்து அதே வார்டில் அதே டியூட்டியில் இருக்கிறாரா என்று பார்ப்பதே சரியான கணக்கு. குறை சொன்னவரைத்தான் முதலில் வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்கள். அவருடைய நன்மைக்காக என்று காரணம் சொல்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு வேண்டிய செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதே அறிக்கையில் பிரான்சிஸ் இன்னொன்றையும் பதிவு செய்தார். கறுப்பின, ஆசிய ஊழியர்கள் குறை சொன்னால் அது புறக்கணிக்கப்படவும், சொன்னவர் பழிவாங்கப்படவும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் இருந்து போய் அங்கே வேலை செய்யும் செவிலியரும் மருத்துவரும் நம்மிடையே பலருக்கு அக்கா, மருமகள், பக்கத்து வீட்டுப் பையன். அவர்களில் புதிதாகப் போனவர்களின் விசா வேலை தந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் இன்னொரு நிறுவனத்தைத் தேட அவர்களுக்குக் கிடைப்பது பொதுவாக 60 நாள். குழந்தையை அங்கே பள்ளியில் சேர்த்து, இங்கே வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், இரவு டியூட்டியில் ஆள் போதவில்லை, ஒரு முதியவர் கவனிப்பின்றிக் கிடந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘உனக்கெதுக்கு வம்பு’ என்று வீட்டிலிருந்து போனில் சொல்லப்போவது நாம்தான். அப்படிச் சொல்லாமல் இருப்பதும் ஒரு துணைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறை சொல்பவர் தவறாகவும் இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். காழ்ப்பால் சொல்பவர்களும் இருப்பார்கள். சொன்னது உண்மையா என்று பார்த்தால்தான் அதுவும் தெரியும். சொன்னவரைப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. பிரிஸ்டலில் அன்று அறுவை செய்த ஜனார்தன் தஸ்மானாவை எடுத்துக்கொள்வோம். பச்சிளங் குழந்தைகளுக்கான இதே அறுவையில் இழப்புகள் தொடர்ந்தபோது, அவர் பர்மிங்ஹாம் போய் அங்குள்ள நிபுணரின் முறையைப் பார்த்துக் கற்றுவந்தவர். அப்படியும் சரிவராமல் 1993இல் அந்த வயதுக் குழந்தைகளுக்கு அதை நிறுத்திக்கொண்டவர். கென்னடியின் அறிக்கையும் இது கெட்டவர்களின் கதை அல்ல என்றே சொல்கிறது. 1990இல் யாராவது போல்சினின் கடிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வெளியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்துக் கணக்கைப் பார்க்கச் சொல்லியிருந்தால், குழந்தைகள் மட்டுமல்ல, தஸ்மானாவும் தப்பியிருப்பார். நேர்மையான ஒரு மருத்துவர் தன் கையின் எல்லையை மற்றவர் வழியாகத்தான் அறிய முடியும். வாயடைக்கப்பட்ட அறையில் அவரும் கைவிடப்பட்டவர்தான்.

உறுதியாவதற்கு முன்பே உடன் நின்றவர்களின் கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கெர்மிட் என்ற சிற்றூர். அங்கே ஆன் மிட்செல், விக்கிலின் கேல் என்ற இரு செவிலியர், 2009இல் தங்கள் மருத்துவமனை மருத்துவர் ஒருவரின் சிகிச்சை பற்றி மாநில மருத்துவ வாரியத்துக்குப் பெயரிடாத கடிதம் எழுதினார்கள். நோயாளிகளின் பெயரை எழுதவில்லை, கோப்பு எண்களை மட்டும் குறிப்பிட்டார்கள். அந்த மருத்துவர் தன் நண்பரான ஷெரீஃபிடம் போனார். ஷெரீஃப் சோதனை ஆணை வாங்கி, கணினியில் கடிதத்தைக் கண்டுபிடித்தார். இருவரையும் மருத்துவமனை வேலையிலிருந்து நீக்கியது. அதோடு விடவில்லை. அலுவலகத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் குற்ற வழக்கு போட்டார்கள். நிரூபணமானால் 10 ஆண்டுவரை சிறை.

கடிதத்தில் சொன்னது சரியா என்று மருத்துவ வாரியம் அப்போது முடிவு செய்திருக்கவில்லை. டெக்சாஸ் செவிலியர் சங்கம் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. வழக்கு நிதி திரட்டத் தொடங்கியது. கெர்மிட் எங்கே இருக்கிறது என்று தெரியாத செவிலியர்கள், நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து தங்களால் ஆனதை அனுப்பினார்கள். நோயாளிக்காகக் கடிதம் எழுதியது குற்றமாகக் கூடாது என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விசாரணைக்குச் சற்று முன் கேல் மீதான வழக்கைக் கைவிட்டார்கள். 2010 பிப்ரவரியில் மிட்செலின் வழக்கில் ஜூரி ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் குற்றமற்றவர் என்றது. அடுத்த ஆண்டு ஷெரீஃப் தண்டிக்கப்பட்டுப் பதவியிழந்தார். மருத்துவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு உரிமத்தைத் திருப்பிக்கொடுத்தார்.

2011இல் டெக்சாஸ் சட்டமன்றம், நோயாளிகள் பாதுகாப்புக்காக முறையிடும் செவிலியர்மீது குற்ற வழக்கு பாயாதபடி சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. மருத்துவர்கள் பற்றிப் பெயரிடாமல் வரும் புகார்களை மருத்துவ வாரியம் இனி ஏற்கக் கூடாது என்பது அது. கெர்மிட்டின் இரு செவிலியர் எழுதியதுபோல் ஒரு கடிதம் இன்று போனால், வாரியம் அதை எடுத்துக்கொள்ளாது.